சந்திரனிலிருந்து வந்த பிடிமண்

மனிதன் திங்களில் கால் வைத்த நாள் நமக்குத் திங்கட்கிழமை. 1969-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21-ஆம் நாள், இந்திய நேரப்படி காலை 8 மணி 26 நிமிடத்துக்கு, நீல் ஆம்ஸ்ட்ராங் ஏணியில் இறங்கித் தம் இடக்காலைச் சந்திரனின் மண்ணில் ஊன்றினார். அமெரிக்காவில் அப்போது ஞாயிற்றுக்கிழமை இரவு. கிழமைக்கும் மாதத்துக்கும் வானத்து மதிக்கும் ஒரே பெயரைச் சூட்டியுள்ள மொழி நம்முடையது. அன்று காலை அந்த மூன்று திங்களும் ஒருங்கே சேர்ந்தன என்று நாம் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அன்றைய பம்பாயில் அது அலுவலகத்துக்கு விரையும் வேளை. மழைக்காலமும் கூட. இந்நகரத்துக்குத் தொலைக்காட்சி வந்தது 1972-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள்தான். ஆகவே எவரும் அக்காட்சியை வீட்டிலிருந்து கண்டிலர். அண்ணாந்து பார்த்தாலும் பயனில்லை. வளர்பிறைச் சந்திரன் முந்தின இரவே மறைந்துவிட்டது. மீண்டும் உதிக்க நேரமிருந்தது. உலகமே பேசிய அந்த நிகழ்ச்சியைப் பம்பாய் மக்கள் காதால் கேட்டனர். மறுநாள் செய்தித்தாளில் படித்தனர்.

என் தந்தையார் அப்போது மாட்டுங்காவில் நான்கு பேரோடு ஓர் அறையில் குடியிருந்து, கோட்டைப் பகுதியில் எழுத்தராக வேலை பார்த்து வந்தார். ரயிலடிக்குச் செல்லும் வழியில் ஒரு சிற்றுண்டிச் சாலையின் வானொலியிலிருந்து செய்தி கேட்டது; கையில் குடையுடன் பத்துப் பன்னிரண்டு பேர் நின்று கேட்டார்கள்; பிறகு வண்டியைப் பிடிக்க ஓடினார்கள். "அன்று வண்டி சிறிது தாமதம், அதனால்தான் முழுதும் கேட்க முடிந்தது" என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவர் ஞாயிறுதோறும் தாராவிக்குச் செல்வார். எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிடும் பட்டறையில் உழைத்த முதியவர் ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம். அடுத்த ஞாயிறன்று தந்தையார் சந்திரனைப் பற்றிய செய்தியை ஆர்வத்தோடு எடுத்துரைத்தாராம். முதியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, அங்கே குடிக்கத் தண்ணீர் உண்டா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பொதுக்குழாயடியில் வரிசையில் நின்று குடம் நிரப்பும் மனிதரின் கேள்வி அது. என் தந்தையாருக்கு விடை தெரியவில்லை. அன்று உலகில் எவருக்கும் உறுதியாகத் தெரியாது.

அக்கேள்வியை நினைவில் இருத்திக்கொண்டு, அந்த நிகழ்ச்சியில் நிலைத்து நின்றது யாது என்று சிறிது ஆராய்வோம்.

சந்திரப் பயணம் தூய அறிவு வேட்கையால் மட்டும் பிறந்ததன்று. அதன் வித்து அரசியற் போட்டி. சோவியத் யூனியன் 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் ஸ்புட்னிக்கை ஏவிற்று. 1961 ஏப்ரல் 12-ஆம் நாள் யூரி ககாரினை விண்ணுக்கு அனுப்பிற்று. அதற்கு ஆறு வாரங்களுக்குப் பின், மே 25-ஆம் நாள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மனிதனைச் சந்திரனில் இறக்கி நலமாக மீட்டுக் கொணர்வோம் என்று குடியரசுத் தலைவர் கென்னடி அறிவித்தார். அப்பல்லோ திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 2,500 கோடி டாலர். அந்நாட்டிலேயே அதற்கு மறுப்பு இருந்தது. பயணத்துக்கு முந்தின நாள், பாதிரியார் ரால்ப் அபர்நாதி ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளையும் கூட்டிக்கொண்டு ஏவுதளத்தின் வாயிலுக்கு வந்தார். விண்வெளி நிறுவனத்தின் தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து அவரைச் சந்தித்தார். ராக்கெட்டை ஏவாமல் விடுவதால் வறுமை தீருமாயின் ஏவமாட்டோம் என்று அவர் மறுமொழி கூறினார். அபர்நாதியும் வீரர்கள் நலமாகத் திரும்ப வேண்டிக்கொள்ள இசைந்தார். தாராவி முதியவரின் கேள்வியும் அந்த வாயிலில் எழுந்த கேள்வியும் உடன்பிறந்தவை. இரண்டையும் எளிதாகத் தள்ளிவிட இயலாது.

போட்டிக்கு உரியவை போட்டியோடு போயின. 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் ஆகிய மூவரும் தம் உலகச் சுற்றுப்பயணத்தில் பம்பாய்க்கு வந்தனர். அவர்களைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. அவர்கள் சந்திரனில் விட்டு வந்த சிறு தகடு ஒன்றில் 73 நாட்டுத் தலைவர்களின் வாழ்த்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் பிரதமர் இந்திரா காந்தியின் செய்தியும் ஒன்று. ஆயினும் மாலைகள் வாடின, கூட்டம் கலைந்தது, 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 திரும்பியதும் பயணமே நின்றது. ஆறு முறை, பன்னிரண்டு பேர், அவ்வளவே. அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எவரும் அங்கே இறங்கவில்லை. காரணமாக இருந்த போட்டி முடிந்தது. போட்டியிட்ட நாடுகளுள் ஒன்றான சோவியத் யூனியன் 1991-இல் கலைந்தும் போயிற்று.

அப்படியானால் எஞ்சியது என்ன?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு முதலில் தோன்றுவது ஒரு சொல். விமானம் இறங்குவதைத் 'தரையிறங்குதல்' என்கிறோம். சந்திரனில் ஓடம் இறங்கியபோதும் நாம் அதே சொல்லையே கூசாமல் வழங்கினோம். தரை என்றால் நமக்குப் பூமிதான். ஆனால் அன்று முதல் சந்திரனுக்கும் தரை உண்டாயிற்று. சிலப்பதிகாரம் திங்களை வாழ்த்தித் தொடங்குகிறது. பிள்ளைத்தமிழ் நூல்களில் குழந்தையோடு விளையாட வருமாறு சந்திரனை அழைக்கும் அம்புலிப் பருவம் உண்டு. அங்கெல்லாம் சந்திரன் ஒளி, அழகு, வானத்துத் தோழன். 1969-க்குப் பிறகு அது ஓர் இடமும் ஆயிற்று. மண்ணும் கல்லும் மேடும் பள்ளமும் உள்ள இடம். அம்புலியை நாம் இழக்கவில்லை. அதற்கொரு முகவரி கிடைத்தது.

இடம் என்று ஆனபின், அங்கிருந்து மண் எடுத்து வர வேண்டுமல்லவா? நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. பிழைப்புத் தேடி ஊரை விட்டு வந்தவர்கள் குலதெய்வத்தின் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து, குடியேறிய இடத்தில் அதை வைத்து வழிபடுவார்கள். ஊர் முழுவதையும் பெயர்த்து வர முடியாது. ஒரு பிடி மண் போதும். அதில் ஊர் இருக்கிறது என்பது நம்பிக்கை. விஞ்ஞானிகளின் கருத்தும் ஏறக்குறைய இதுவே. ஒரு பிடி மண்ணை நன்றாகப் படிக்கத் தெரிந்தால், அதில் ஓர் உலகத்தின் வரலாறு முழுவதும் இருக்கிறது.

அப்பல்லோ பயணங்கள் ஆறும் கொண்டுவந்த கல்லும் மண்ணும் 382 கிலோகிராம். இதே காலத்தில் சோவியத் யூனியன் ஆளில்லாத மூன்று இயந்திரங்களை அனுப்பி மண் எடுத்து வந்தது. லூனா 16, லூனா 20, லூனா 24 ஆகிய மூன்றும் சேர்ந்து கொணர்ந்தவை ஏறக்குறைய 326 கிராம். அந்த அருஞ்செயலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அளவிலுள்ள வேறுபாட்டைக் காட்டிலும் முக்கியமானது, அங்கே கண்ணும் கையும் இருந்தன என்பது. நின்று பார்த்து, இதுவன்று, அதுவே வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மனம் இருந்தது.

முதற்பயணத்திலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் ஓடத்துக்கு வெளியே நடமாடியது ஏறத்தாழ இரண்டரை மணி நேரமே. நேரம் முடியும் தறுவாயில், கற்கள் வைத்த பெட்டியில் இடம் மீந்திருப்பதை ஆம்ஸ்ட்ராங் கண்டார். உடனே அகப்பையால் மண்ணை அள்ளி அள்ளி அதனுள் நிரப்பினார். காய்கறிக் கூடையில் எஞ்சிய இடத்தை வீணாக்காமல் கீரைக்கட்டுகளைச் செருகும் இல்லத்தரசியின் சிக்கனம் அது. அம்முறை வந்த 21 கிலோகிராமுக்கும் மேற்பட்ட சுமையில், கற்களைப் போலவே மண்ணும் பெரும்பயன் தந்தது. அந்த மண்ணில்தான் வெண்மையான சிறு துணுக்குகள் சில கிடந்தன. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்தச் செல்வத்தை அமெரிக்கா தன் பெட்டகத்தில் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. பல நாடுகளின் ஆராய்ச்சியாளர்களுக்குச் சிறு சிறு துணுக்குகளாகப் பங்கிட்டு அளித்தது. அப்பங்கு நம் பம்பாய்க்கும் வந்தது.

கொலாபாவின் கடலோரத்தில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தை நேயர்களுள் பலர் வெளியிலிருந்தேனும் பார்த்திருப்பீர்கள். டாக்டர் ஹோமி பாபாவின் முயற்சியால் 1945-இல் தோன்றிய நிறுவனம் அது. பாபாவின் இளமைக்கால ஆராய்ச்சி அண்டக் கதிர்களைப் பற்றியது. விண்வெளியின் எல்லாத் திசைகளிலிருந்தும் பெருவேகத்தோடு பாய்ந்து வரும் நுண் துகள்களே அண்டக் கதிர்கள். அவற்றை அறிவதற்காக அக்கழகத்தினர் பலூன்களை வானில் உயரப் பறக்கவிட்டனர். மறுபுறம் பூமியின் ஆழத்துக்கும் சென்றனர். கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய சுரங்கத்துள், இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 1965-ஆம் ஆண்டு நியூட்ரினோ என்னும் பிடிபடாத் துகளின் அடையாளத்தை அவர்கள் கண்டனர். பிழைப்புக்காக வெட்டிய சுரங்கம் அறிவுக்கும் வழி திறந்தது.

இந்தப் பயிற்சி பெற்ற கழகத்தில் தேவேந்திர லால் என்னும் அறிஞர் ஒரு குழுவை உருவாக்கியிருந்தார். வானிலிருந்து விழும் விண்கற்களில் அண்டக் கதிர்கள் விட்டுச் சென்ற தடங்களைப் படிப்பது அவர்களுக்குக் கைவந்த கலை. ஆகவே சந்திரக் கற்கள் வந்தபோது அவர்கள் ஆயத்தமாக இருந்தனர். 1971-ஆம் ஆண்டு ஜனவரியில் ஹூஸ்டன் நகரில் நடந்த இரண்டாம் சந்திர விஞ்ஞான மாநாட்டின் தொகுதிகளில் பம்பாய்க் குழுவினரின் கட்டுரைகள் இடம்பெற்றன. லால், நரேந்திர பண்டாரி, வெங்கடவரதன் முதலியோரின் பெயர்களை அவற்றில் காணலாம்.

அவர்கள் செய்தது என்ன? அண்டக் கதிர்களில் இரும்பு போன்ற கனமான அணுக்களின் கருக்களும் உண்டு. அவை ஒரு கனிமப் படிகத்தின் ஊடே பாயும்போது, மயிரிழையினும் மெல்லிய வடு ஒன்றை அதனுள் விட்டுச் செல்கின்றன. அவ்வடு எத்தனை கோடி ஆண்டுகளானாலும் அழியாது நிற்கக்கூடியது. கண்ணுக்கு அது தெரியாது. படிகத்தை மெருகிட்டு உரிய இரசாயனக் கரைசலில் இட்டால், வடு உள்ள இடம் அரிக்கப்பட்டு அகலும். நுண்ணோக்கியில் கோடு கோடாகத் தென்படும். கல் சந்திரனின் மேற்பரப்பில் நெடுங்காலம் கிடந்திருந்தால் வடுக்கள் மிகுதி. புதையுண்டு கிடந்திருந்தால் குறைவு. சூரியனில் எழும் கொந்தளிப்புகளிலிருந்து வரும் துகள்கள் கல்லின் மேல்தோலோடு நின்றுவிடும்; அண்டவெளியிலிருந்து வருபவை இன்னும் ஆழமாகப் பாயும். எந்த ஆழத்தில் எத்தனை வடுக்கள் என்று எண்ணினால், அந்தக் கல் எவ்வளவு காலம் வெயிலில் கிடந்தது, அக்காலத்தில் சூரியன் எப்படி நடந்துகொண்டது என்றெல்லாம் கணக்கிடலாம்.

பூமியில் இக்கணக்கு இயலாது. நம் காற்று மண்டலம் அக்கதிர்களைத் தடுக்கிறது. மழையும் ஆறும் பழைய கற்களைக் கரைத்து அழித்துவிடுகின்றன. சந்திரனில் காற்றும் இல்லை, மழையும் இல்லை. அது எவரும் அழிக்காத ஏடு. அந்த ஏட்டின் சில வரிகள் கொலாபாவில் படிக்கப்பட்டன என்பது நாம் நினைவில் வைத்திருக்க வேண்டிய செய்தி. விண்வெளி வீரர்களைக் காணத் திரண்ட கூட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். அதே நகரத்தின் தென்கோடியில், நுண்ணோக்கியின்மேல் குனிந்து வடுக்களை எண்ணியவர்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

இனி, முன்னர்க் கூறிய வெண்துணுக்குகளுக்கு வருவோம். அப்பல்லோ 11 இறங்கிய இடம் கருநிறமான எரிமலைப் பாறை நிறைந்த சமவெளி. அங்கே இந்த வெள்ளைத் துணுக்குகள் எப்படி வந்தன? அமெரிக்க அறிஞர் ஜான் வுட்டும் அவருடைய தோழர்களும் அவை அனார்த்தோசைட் என்னும் பாறையின் சிதறல்கள் என்று கண்டனர். தொலைவிலுள்ள வெண்ணிற மலைப்பகுதிகளிலிருந்து விண்கல் மோதல்களால் சிதறி வந்தவை அவை என்று ஊகித்தனர். அங்கிருந்து அவர்கள் சென்ற முடிவு வியப்பூட்டுவது. ஒரு காலத்தில் சந்திரனின் மேற்பகுதி முழுவதும் உருகிய பாறைக் கடலாக இருந்தது. பால் காய்ச்சும்போது ஆடை மேலே படிவதைப் போல, இலேசான வெண் கனிமம் மேலே மிதந்து ஓடாக உறைந்தது என்றனர். 1971 ஆகஸ்டில் அப்பல்லோ 15-இல் சென்ற டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் மலையடிவாரத்திலிருந்து அதே வகை வெண்கல் ஒன்றை எடுத்து வந்தனர். அதன் வயது 400 கோடி ஆண்டுகளுக்கு மேல்.

சந்திரன் இவ்வளவு உருகியது ஏன்? செவ்வாயின் அளவுள்ள ஒரு கோள் இளமைப் பருவத்துப் பூமியோடு மோதியது. அதிலிருந்து தெறித்த பிழம்பு திரண்டு சந்திரன் ஆயிற்று என்னும் கருத்து 1975 முதல் வலுப்பெற்றது. இக்கருத்துக்கு ஊன்றுகோலானவை அக்கற்களே. பூமிக்கும் சந்திரனுக்கும் உள்ள உறவு கவிஞரின் கற்பனை மட்டும் அன்று; பிறப்பிலேயே உள்ள உறவு என்று தெரிந்தது. சந்திரனைத் தேடிச் சென்று மனிதன் தன் பூமியின் பிறப்பையே அறிந்து வந்தான்.

பம்பாயில் தொடங்கிய பணி பம்பாயோடு நிற்கவில்லை. 1972-இல் லால் அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநரானார். சந்திரக்கல் ஆராய்ச்சி அங்கே தொடர்ந்தது. வெங்கடவரதன் பிறகு வோர்லியிலுள்ள நேரு கோளரங்கத்தின் இயக்குநராக இருந்து, இந்நகரத்துச் சிறுவர்களுக்கு வானத்தைக் காட்டினார். 1977-இல் திறக்கப்பட்ட அந்தக் கோளரங்கில், பள்ளிச் சிறுவனாக நானும் கழுத்து வலிக்க அண்ணாந்து அமர்ந்திருக்கிறேன். பம்பாயில் அக்குழுவில் இளைஞராகச் சேர்ந்த ஜே. என். கோஸ்வாமி, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் சந்திரயான்-1 திட்டத்தின் முதன்மை விஞ்ஞானி ஆனார். அத்திட்டத்தை வகுப்பதில் பண்டாரிக்கும் பெரும்பங்கு உண்டு. கற்களை எண்ணிப் படித்தவர்கள் இருந்ததால்தான், சந்திரனுக்குக் கலம் அனுப்புவோம் என்று நாடு முடிவு செய்தபோது, அங்கே எதைத் தேட வேண்டும் என்று சொல்ல ஆள் இருந்தது.

2008-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் சந்திரயான்-1 புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. அக்கலத்தோடு பேசுவதற்குப் பெங்களூருக்கு அருகே பயலாலுவில் 32 மீட்டர் விட்டமுள்ள வானலைவாங்கி எழுப்பப்பட்டது. அதை அமைப்பதில் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தாரும் பங்கு கொண்டனர். செம்பூரிலும் அணுசக்தி நகரிலும் வாழும் நம்மவருள் பலருக்கு அந்நிலையம் அன்றாடம் சென்று வரும் வேலையிடம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அக்கலத்தில் சென்ற அமெரிக்கக் கருவி ஒன்றின் முடிவு 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் வெளிவந்தது. சந்திரனின் மண்ணில் நீரின் அடையாளம் இருக்கிறது, துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல அது மிகுகிறது என்பதே அம்முடிவு. அப்பல்லோ கற்கள் வந்த காலத்தில், அவை எலும்பைப் போல உலர்ந்தவை என்றே எல்லாரும் எண்ணினர். ஆனால் அந்தக் கற்களையே புதிய கருவிகளால் மீண்டும் ஆராய்ந்தபோது, எரிமலைக் கண்ணாடி மணிகளுக்குள் நீர் சிக்கியிருப்பதை 2008-இல் கண்டனர். இதனால்தான் கற்களைக் காத்து வைப்பதன் அருமை தெரிகிறது. அப்பல்லோ 17 கொண்டுவந்த ஒரு மண்குழாயை ஐம்பது ஆண்டுகள் முத்திரை நீக்காமல் வைத்திருந்து, 2022-ஆம் ஆண்டு மார்ச்சில்தான் திறந்தனர். அதை அடைத்து வைத்தவர்கள், தம்மினும் அறிவும் கருவியும் மிக்கோர் பின்னே வருவர் என்று நம்பினார்கள். விதைநெல்லை உண்ணாமல் வைக்கும் குடியானவனின் நம்பிக்கை அது.

இக்கதையின் அடுத்த பகுதி தமிழ்நாட்டு மண்ணுக்கே நம்மை அழைத்துச் செல்கிறது. சந்திரனில் இறங்கப் போகும் கலத்தையும் ஊர்தியையும் முதலில் இங்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குச் சந்திரனின் மண்ணைப் போன்ற மண் வேண்டும். நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி என்று ஓர் ஊர். அவ்வட்டாரத்தில் அனார்த்தோசைட் பாறை உண்டு. சந்திரனின் வெண்மலைகள் எதனால் ஆனவையோ அதே இனப் பாறை. அங்குள்ள பாறைகளைப் பற்றி ஏ. பி. சுப்பிரமணியம் என்னும் புவியியல் அறிஞர் 1956-லேயே விரிவாக எழுதியிருந்தார்; அப்போது அது சேலம் மாவட்டம். மனிதன் சந்திரனுக்குச் செல்லப் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தன. பின்னாளில் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் உதவியோடு, சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களின் பாறை பொடியாக்கப்பட்டு, சுமார் 50 டன் அளவில் பெங்களூருக்குச் சென்றது. சந்திரயான் ஊர்தியின் சக்கரங்கள் முதலில் உருண்டது கொங்கு நாட்டு மண்ணின் மீது.

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் விக்ரம் என்னும் இறங்குகலம் சந்திரனை எட்டும் தறுவாயில் தொடர்பிழந்து வீழ்ந்தது. பிழைகளைக் கண்டறிந்து திருத்தி, மீண்டும் முயன்றனர். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23-ஆம் நாள் மாலை 6 மணி 4 நிமிடத்துக்குச் சந்திரயான்-3 தென்துருவப் பகுதிக்கு அருகே நலமாக இறங்கிற்று. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். பிரக்யான் ஊர்தி சுமார் நூறு மீட்டர் தொலைவு ஊர்ந்து, 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. அம்மண் அனார்த்தோசைட் வகையோடு ஒத்திருந்தது. ஆம்ஸ்ட்ராங் அள்ளிய மண்ணின் வெண்துணுக்குகளைக் கொண்டு கூறிய பாறைக் கடல் கருத்துக்கு, அதுவரை எவரும் இறங்கிச் சோதிக்காத பகுதியிலிருந்து சான்று கிடைத்தது. இதை 2024 ஆகஸ்டில் வெளியிட்டவர்கள் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த அறிஞர்கள். பம்பாயிலிருந்து லால் சென்று சேர்ந்த அதே கூடம்!

ஆகவே, மனிதன் சந்திரனில் இறங்கியதன் நிலைத்த பொருள் கொடியில் இல்லை. காலடித் தடத்திலும் இல்லை. எடுத்து வந்த பிடிமண்ணைப் பகிர்ந்தளித்ததிலும், பெற்றவர்கள் பொறுமையாகப் படித்ததிலும், பின்வருவோருக்கென ஒரு பங்கை மூடி வைத்ததிலும் அது இருக்கிறது. 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை சந்திரனை எந்நாடும் தன் உடைமையாக்கிக்கொள்ளலாகாது என்கிறது. நம் நாடும் அவ்வாண்டே அதில் கையெழுத்திட்டது. உடைமையாகாத நிலத்தின் மண் பொதுச்செல்வமாயிற்று. அந்தப் பொதுச்செல்வத்திலிருந்து ஒரு பிடி பெற்ற நாடு, பின்னர்த் தானே அங்கே சென்று, உலகத்தின் கணக்கில் தன் பங்கையும் சேர்த்தது. இன்று பல நாடுகள் மீண்டும் சந்திரனை நோக்குகின்றன. துருவத்து நீரையும் கனிமங்களையும் பற்றிப் பேச்சு எழுந்திருக்கிறது. பழைய போட்டி புது வடிவில் வருமோ என்ற அச்சத்துக்கு இடமுண்டு. பிடிமண்ணைப் பங்கிட்ட முன்மாதிரியை நாம் மறவாதிருப்பதற்கு இதுவே காரணம்.

இறுதியாக, தாராவி முதியவரின் கேள்வி. அதற்கு விடை கிடைக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. உண்டு ஐயா, சிறிதளவு உண்டு. அதைக் கண்ட கருவியைச் சுமந்து சென்றது நம் நாட்டுக் கலம். இதை நேரில் சொல்ல அவரும் இல்லை. கடிதம் எழுதிக் கொடுத்த என் தந்தையாரும் இல்லை. ஆனால் அவர் கேட்டதில் மற்றொரு கேள்வியும் அடங்கியிருந்தது. மூன்று இலட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நீர் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் மனிதனால், தெருமுனைக் குழாயில் நீர் வரச் செய்ய இயலாதா என்பதே அது. இந்நகரில் விடியுமுன் எழுந்து குழாய்க்குக் காத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அந்தக் கேள்விக்குச் சந்திரன் விடை தரவில்லை, தரவும் தராது. 'இயலாது' என்ற பழைய சாக்கை மட்டும் அது நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது. இனி 'செய்யவில்லை' என்று சொல்லலாமே அன்றி, 'செய்ய முடியாது' என்று சொல்வதற்கில்லை.

அடுத்த முறை தாராவியின் குறுகிய தெருவிலோ, மாட்டுங்காவின் மரநிழற் சாலையிலோ, செம்பூரின் மாடியிலோ நிலவைக் காணும்போது, குழந்தைகளுக்கு அம்புலியைக் காட்டுங்கள். அதன் மண்ணில் ஒரு பிடி இந்நகரத்துக்கு வந்திருந்தது என்பதையும் சொல்லுங்கள்.